ஒரு மூடி வினிகர், ஐந்து டம்ளர் டீ

வாசகர் கேள்வி – பதில்

பிளம்ஸ் சீசன் தொடங்கியதிலிருந்து நீலகிரியிலிருந்து வரும் கடிதங்களில் பாதி வினிகரைப் பற்றியே இருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் சொந்தத்தில் ஒருவர், ஆப்பிள் சிடர் வினிகர் குடித்தால் மூன்றே மாதத்தில் 7 கிலோ குறையும் என்று சொல்லி ஒரு பாட்டிலையும் வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மூடி குடிக்கிறேன். நெஞ்செரிச்சல்தான் மிச்சம், தொப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்கே தப்பு?
— வாசகி, கோத்தகிரி

முதலில் வெறும் வயிற்றில் குடிப்பதை இன்றோடு விடுங்கள். அந்த 7 கிலோ எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. லெபனானில் 12 முதல் 25 வயதுக்குட்பட்ட 120 பேரை வைத்து நடந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. தினம் காலையில் வெறும் வயிற்றில் 5 முதல் 15 மி.லி. வரை குடித்தவர்கள் 12 வாரத்தில் 6 முதல் 8 கிலோ குறைந்தார்கள் என்றது. உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் எண்களிலும் கணக்கிட்ட முறையிலும் சிக்கல் இருப்பது தெரிந்து, 2025 செப்டம்பரில் வெளியிட்ட இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் செய்தி வீட்டுக்கு வீடு போனது. இரண்டாவது செய்தி பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

நம்பிப் பேசக்கூடிய ஆய்வு 2009-இல் ஜப்பானில் வந்தது. ஓரளவு எடை கூடிய 155 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வினிகர் இல்லாத பானம், மற்ற இரண்டுக்கும் நாளைக்கு 15 அல்லது 30 மி.லி. ஆப்பிள் வினிகர் கலந்த பானம். காலை உணவுக்குப் பின் பாதி, இரவு உணவுக்குப் பின் பாதி. 12 வாரம் கழித்து 15 மி.லி. குழு சராசரியாக 1.2 கிலோவும், 30 மி.லி. குழு 1.9 கிலோவும் குறைந்திருந்தன. சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றி இருக்கும் கொழுப்பும் குறைந்திருந்தது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் இறங்கியிருந்தது. குடிப்பதை நிறுத்தி நான்கு வாரத்தில் எல்லாம் பழைய இடத்தை நோக்கித் திரும்பத் தொடங்கின. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆய்வைச் செய்தவர்கள் வினிகர் தயாரிக்கும் நிறுவனத்தின் விஞ்ஞானிகள். அதனால் அது பொய் ஆகிவிடாது. ஆனால் உப்பு வியாபாரி உப்பைப் புகழ்வதைக் கேட்பது போலக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆக, நன்றாக நடந்தால் மூன்று மாதத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. இதை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம், அதாவது 200 கலோரி. 84 நாளில் 16,800 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. டீயில் சர்க்கரையை மட்டும் நிறுத்தினாலே காகிதத்தில் 2.2 கிலோ வருகிறது. மலைக்குளிருக்கு டீ இல்லாமல் முடியாது, சரி. சர்க்கரை இல்லாமல் முடியும். காலையில் இரண்டு மூடி வினிகர் குடித்துவிட்டு, பதினோரு மணிக்கு இரண்டு வர்க்கியை இனிப்பு டீயில் நனைத்துச் சாப்பிட்டால் வினிகரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: சரி, குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். புளித்த தண்ணீர் எப்படிக் கொழுப்பைக் குறைக்கும்? "கரைக்கும்" என்கிறார்களே?
— வாசகர், அருவங்காடு

கரைக்காது. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தை வினிகர் துடைப்பதைப் பார்த்து வந்த கற்பனை அது. குடித்த அமிலம் கொழுப்பைப் போய்த் தொடுவதே இல்லை.

வினிகரில் உள்ளது அசிட்டிக் அமிலம். குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. அதை எரிபொருளாக மாற்றவே செல் கொஞ்சம் சக்தியைச் செலவழிக்க வேண்டும். அந்தச் செலவைக் கண்டதும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. 'கையிருப்பு குறைகிறது, புதிதாகச் சேமிக்காதே, இருப்பதை எடு' என்று கல்லீரலுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. கொழுப்பைக் கட்டும் வேலை தணிகிறது, எரிக்கும் வேலை கூடுகிறது. கொழுப்பு நிறைந்த தீனி கொடுத்த சுண்டெலிகளில் இது தெளிவாகவே தெரிந்தது: தின்ற அளவு குறையவில்லை, உடலிலும் ஈரலிலும் கொழுப்பு சேர்வது குறைந்தது.

மனிதரில் இன்னொரு வழியும் உண்டு. அமிலம் சேர்ந்தால் வயிறு மெல்லக் காலியாகிறது. சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும் வேகம் தணிகிறது. பசி குறைகிறது என்றும் சொல்வார்கள். 2014-இல் பிரிட்டனில் வெளியான ஒரு சோதனையில், பசி குறைந்ததற்குப் பெரும் காரணம் குமட்டல் என்று தெரிந்தது. குமட்டிச் சாப்பிடாமல் இருப்பதை மருந்தின் வெற்றி என்று சொல்ல முடியாது.

எலிக்கு நடந்தது மனிதருக்கு நடக்குமா என்ற கேள்வியைக் கேட்க குன்னூரை விடப் பொருத்தமான ஊர் இல்லை. இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி தொடங்கியதே அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில்தான். 1918-இல் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய அமைத்த சிறு பிரிவு, 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சி ஆய்வகமாகி, 1958-இல் ஹைதராபாத் போனது. வட்டாரத்துக்கு வட்டாரம் நம் மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் அவர். அங்கே வித்தியாசத்தைக் காட்டியது முழுத் தட்டுத்தான். தட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு ஸ்பூன் அல்ல.

கேள்வி: 'மதர்' உள்ளது என்று எழுதிய பாட்டிலின் விலை தலை சுற்ற வைக்கிறது. ஃபிரைட் ரைஸ் கடையில் ஊற்றும் வெள்ளை வினிகர் ஆகாதா?
— வாசகர், குன்னூர்

எடை விஷயத்தில் வேலை செய்வதாகத் தெரிவது அசிட்டிக் அமிலம். அது இரண்டிலும் ஒன்றேதான். சுண்டெலிகளுக்குக் கொடுத்ததும் வெறும் அசிட்டிக் அமிலமே. ஆப்பிளுக்குத் தனி மகிமை இருப்பதாகக் காட்டும் ஆதாரம் இல்லை. 'மதர்' என்பது வினிகர் பாக்டீரியாக்கள் தாங்களே நெய்துகொள்ளும் செல்லுலோஸ் ஆடை. அடுத்த ஜாடிக்கு உறை ஊற்ற உதவும், தொப்பைக்கு அல்ல.

ஆனாலும் லேபிளைப் படியுங்கள். நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி எந்த வினிகரிலும் அசிட்டிக் அமிலம் 3.75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நொதிக்க வைத்ததா, அமிலத்தைத் தண்ணீரில் கலந்ததா என்பதும் எழுதியிருக்க வேண்டும். கலந்தது என்றால் 'சிந்தெடிக்' என்ற சொல் இருக்கும். வாங்குவது நொதித்ததாக இருக்கட்டும், ருசிக்காகவாவது. ரசாயனக் கடையில் அடர் அசிட்டிக் அமிலம் வாங்கி வீட்டில் தண்ணீர் கலக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது தொண்டையைப் பொசுக்கிவிடும்.

பாரம்பரிய வினிகர்கள் என்று பார்த்தால் ஆப்பிளே கொஞ்சம் பின்வரிசைதான். ஜப்பானின் ககோஷிமா பகுதியில் தீட்டாத அரிசியை மண்ஜாடிகளில் திறந்தவெளியில் வைத்துக் கறுக்க விடும் குரோசு, சீனாவின் ஷான்ஷியில் சோளத்திலிருந்து வருவது, கொரியாவில் பெர்சிமன் பழத்தில் செய்வது, கோவாவில் தென்னங்கள்ளில் செய்வது. அமினோ அமிலங்களும் பாலிஃபீனால்களும் இவற்றில் ஆளுக்கு ஆள் மாறும். கொழுப்பைக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளோடு நின்றுவிடுகின்றன. குன்னூர் பழப்பண்ணையிலும் பெர்சிமன் உண்டு என்பதால் இதை உங்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

கேள்வி: எப்படிக் குடிப்பது? எவ்வளவு? ஒரே வரியில் சொன்னால் போதும்.
— வாசகி, மஞ்சூர்

ஒரு வரியில்: உணவோடு, தண்ணீர் கலந்து, நாளைக்கு 15 மி.லி. போதும்.

மீதி விவரம்: முதல் வாரம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., ஒரு டம்ளர் தண்ணீரில். தொந்தரவு இல்லையென்றால் அடுத்த வாரம் 10, பிறகு 15. இது 5 சதவீத வினிகருக்கான கணக்கு. அதில் முக்கால் கிராம் அமிலம் இருக்கிறது. லேபிளில் 3.75 என்றால் அதே அளவுக்கு 20 மி.லி. வேண்டும். ஆய்வுகளில் கொடுத்த உச்சம் பெரும்பாலும் 30 மி.லி.; அதற்கு மேல் போக வேண்டாம். குடித்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள், அரை மணி பொறுங்கள். அமிலம் பட்ட எனாமல் அந்த நேரத்தில் இளகியிருக்கும். பிரஷ் அதைத் தேய்த்து எடுத்துவிடும். கலக்காமல் மூடியோடு வாயில் ஊற்றுவதும், கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க உறிஞ்சுவதும் இரண்டும் கெடுதல்.

குடிப்பதை விடச் சாப்பிடுவது நல்லது என்பது எங்கள் கட்சி. ஒரு கேரட்டைத் துருவி, சின்ன வெங்காயம் நான்கை அரிந்து போட்டு, இரண்டு டீஸ்பூன் வினிகர், ஒரு சிட்டிகை உப்பு, தட்டிய மிளகு சேர்த்துப் பிசறி 10 நிமிடம் மூடி வையுங்கள். கேரட் தண்ணீர் விட்டுத் துவளும். வினிகரின் காட்டம் அடங்கிவிடும். சோற்றில் கை வைக்கும் முன் இதைச் சாப்பிடுங்கள், அடியில் தேங்கும் சாற்றையும் சேர்த்து. கொதிக்கும் குழம்பில் ஊற்றினால் அமிலத்தில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும், மூக்கில் ஏறுவது அதுதான். இறக்கிய பிறகு சேருங்கள்.

சோறு, உருளைக்கிழங்கு, பரோட்டா, வர்க்கி போன்றவற்றோடுதான் இதன் பலன் தெரியும். அவரைக் குழம்பு, கீரை, கொள்ளு என்று ஏற்கெனவே மெல்லச் செரிக்கும் சாப்பாட்டில் வினிகர் சேர்த்துச் சர்க்கரை ஏற்றத்தில் பெரிய மாற்றம் வராது. வேண்டியதும் இல்லை.

கேள்வி: தோட்டத்துப் பேரிக்காய் வீணாகிறதே என்று தோல், நடுப்பகுதி எல்லாம் ஜாடியில் போட்டு, லிட்டர் தண்ணீருக்கு 4 ஸ்பூன் சர்க்கரை சேர்த்து, கொசுவலைத் துணி கட்டி வைத்தேன். 40 நாள் ஆகிறது. மேலே சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம், ஜாடிக்குள் குட்டி ஈக்கள், நெயில் பாலிஷ் வாசனை. கொட்டிவிடவா?
— வாசகி, கேத்தி

வெள்ளைப் படலம் தட்டையாக, சுருக்கம் விழுந்து, தொட்டால் உடையும்படி இருந்தால் அது காற்றில் வரும் ஈஸ்ட். கெடுதல் இல்லை, வாசனைதான் கெடும். பஞ்சு போல மயிர் எழும்பி, பச்சையோ கறுப்போ தெரிந்தால் பூஞ்சணம், ஜாடியோடு கொட்டுங்கள். வழவழவென்று ஜெல்லி வட்டாக, கரண்டியால் தூக்கினால் முழுதாக வந்தால் அதுதான் நல்ல ஆடை. நெயில் பாலிஷ் வாசனை, ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் எஸ்டருடையது. காற்று போதாதபோது வரும். வாயகன்ற பாத்திரத்துக்கு மாற்றி, தினம் ஒரு முறை மரக்கரண்டியால் கிளறினால் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். ஈ புகுந்தது கொசுவலைக் கண் பெரிது என்பதால். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள்.

ஆனால் உங்கள் ஜாடியின் அடிப்படைக் குறை வேறு. 4 டீஸ்பூன் என்றால் 20 கிராம் சர்க்கரை. தோலிலிருந்து வருவதையும் சேர்த்தால்கூட அமிலம் 1, 2 சதவீதத்தைத் தாண்டாது. அந்த அளவு அமிலம் பூஞ்சணத்தைத் தடுக்கவும் போதாது, ஆய்வில் சொன்ன அளவுக்கும் வராது. 100 கிராம் சர்க்கரையிலிருந்து காகிதக் கணக்கில் 66 கிராம் அமிலம் கிடைக்க வேண்டும். வீட்டு ஜாடியில் 45, 50 வந்தாலே பெரிது. எனவே 5 சதவீத வினிகருக்கு லிட்டருக்கு 100 முதல் 120 கிராம் சர்க்கரை தேவை. பழுத்த பேரியின் சாற்றில் ஏறத்தாழ 100 கிராம் தானாகவே இருக்கும். தோலை விட்டுச் சாற்றுக்குப் போங்கள்.

கல் போன்ற பேரிக்காயை வைக்கோலில் ஒரு வாரம் போட்டுப் பழுக்க விடுங்கள். அழுகின பகுதியை நீக்கி, துருவி, துணியில் பிழிந்தால் 3 கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் போலச் சாறு வரும். லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உலர் ஈஸ்ட் சேர்த்து, கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு ஊற்றி மூடியைத் தளர வையுங்கள். இறுக்கினால் வெடிக்கும். சமவெளியில் ஒரு வாரத்தில் முடியும் இந்தக் கட்டம், கேத்தி உயரத்தில் இரண்டு மூன்று வாரம் ஆகும். குமிழ் நின்று, வண்டல் அடியில் தங்கி, இனிப்பு போயிருக்க வேண்டும். இனிப்பு மிச்சம் இருக்கும்போதே அடுத்த கட்டத்துக்குப் போனால் அமிலம் ஈஸ்டைத் தடுத்துவிடும்; இனிப்பும் புளிப்புமாக நின்றுபோன ஜாடிகளுக்கு இதுதான் காரணம். தெளிந்த அன்றே கீழே சொல்லும் வினிகரைச் சேர்த்துவிடுங்கள். பாதியில் நிறுத்தி 'ஹோம் மேட் ஒயின்' ஆக்கினால் மதுவிலக்குச் சட்டம் வந்து நிற்கும்.

தெளிவை மட்டும் இறுத்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு வடிகட்டாத, சூடுபடுத்தாத வினிகரை, ஆடையோடு சேருங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஆனால் இங்கே தாராளமாக. முதல் நாளிலிருந்தே ஆல்கஹாலோடு புளிப்பும் இருப்பதால் பூஞ்சணம் எளிதில் அண்டாது. ஊறுகாய்ப் பீங்கான் ஜாடியில் பாதி வரை ஊற்றி, துணி கட்டி வையுங்கள். அலுமினியம், பித்தளை, செம்பு கூடாது.

வெப்பம்தான் மலையில் பெரிய தடை. வினிகர் பாக்டீரியா 25 முதல் 30 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். 15-க்குக் கீழே தூங்கிவிடும். ஃபிரிட்ஜின் மேல், விறகடுப்புக்குப் பின்சுவர் ஓரம், வெந்நீர்ப் பாய்லர் இருக்கும் அறை என்று இடம் பாருங்கள். வெயில் வேண்டாம். நல்ல இடமானால் இரண்டு மாதம், இல்லையென்றால் நான்கு. மார்கழிக்குள் முடியாவிட்டால் பங்குனி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முடிந்ததும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆல்கஹால் தீர்ந்ததும் அதே பாக்டீரியா அசிட்டிக் அமிலத்தையே தின்னத் தொடங்கும். வினிகர் நாளுக்கு நாள் சப்பென்று ஆகும். பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, பிளாஸ்டிக் மூடியோ கார்க்கோ இறுக்குங்கள். தகர மூடி துருப்பிடிக்கும்.

கேள்வி: வீட்டில் செய்த வினிகரின் அமில அளவை லிட்மஸ் தாளில் பார்க்கலாமா?
— ஆசிரியர், ஊட்டி

லிட்மஸ் ஆகாது, பி.எச். தாளும் ஆகாது. 5 சதவீதத்துக்கு 2.4 போலக் காட்டும், அதில் பாதி அமிலம் உள்ளதற்கு 2.6, தாளின் நிறத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. ஆசிரியர் என்பதால் வழி உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. 5 மி.லி. வினிகரில் 20 மி.லி. தண்ணீர், இரண்டு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி. 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். அசைத்தும் மறையாத இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்தி, செலவான மி.லி.-ஐ 1.2-ஆல் பெருக்கினால் சதவீதம். 4.2 மி.லி. செலவானால் 5 சதவீதம்.

கேள்வி: காடி என்றால் வினிகர்தானே? அப்படியானால் தினமும் நான் குடிக்கும் நீராகாரமே போதாதா?
— வாசகர், ஊட்டி

சொல் ஒன்று, பொருள் இரண்டு. வினிகருக்கும் காடி என்ற பெயர் உண்டு. 'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' என்பதில் வருவது புளித்த கஞ்சி. நீராகாரத்தின் புளிப்பு லாக்டிக் அமிலம், தயிரில் இருப்பது. புளியில் டார்டாரிக், எலுமிச்சையில் சிட்ரிக். எல்லாமே நாக்குக்குப் புளிப்பு, உடம்புக்கு வேறு வேறு. நீராகாரத்தைத் தாராளமாகக் குடியுங்கள். வினிகர் ஆய்வின் எண்களை மட்டும் அதன் மேல் ஏற்றாதீர்கள்.

கேள்வி: மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியிலிருந்து எடுத்த மாத்திரை எடையைக் குறைக்குமாமே?
— வாசகி, கூடலூர்

1998-இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். அதிலுள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலத்தை நாளைக்கு ஒன்றரை கிராம் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு, இச்சத்து அடங்கிய எடைக்குறைப்பு மாத்திரைகள் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்த செய்திகளும் வந்தன. குழம்பில் இரண்டு சுளை போடுவதில் பயமில்லை. மாத்திரை வேண்டாம். (கொடுக்காப்புளி வேறு மரம்; பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரைக்கு மாத்திரை, பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை. வினிகர் ஆரம்பிக்கலாமா என்கிறார்.
— வாசகர், குன்னூர்

மாத்திரைச் சீட்டோடு டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். நீர் பிரியும் மாத்திரைகளில் பல, பொட்டாசியத்தை வெளியேற்றும். அதிக வினிகரும் அதையே செய்யும். ஆறு வருடம் தினமும் கால் லிட்டர் வினிகர் குடித்த ஓர் இளம்பெண்ணுக்குப் பொட்டாசியம் விழுந்து எலும்பும் மெலிந்த நிகழ்வு 1998-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கால் வலித்து இழுப்பது, சோர்வு, நெஞ்சு படபடப்பு வந்தால் பொட்டாசியம் பார்க்க வேண்டும். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவருக்கு இது இன்னும் ஆபத்து.

சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு வகையானாலோ, இன்சுலின் போட்டாலோ, வினிகரும் சேர்ந்து சர்க்கரை தாழலாம். பல வருடச் சர்க்கரையில் சிலருக்கு வயிற்று நரம்பு தளர்ந்து, சாப்பிட்டது மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். ஏப்பமும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வும் அதன் அடையாளம். அவர்களுக்கு வினிகர் வயிற்றை இன்னும் மந்தமாக்கும் என்பது 2007-இல் சுவீடனில் அளந்தே காட்டப்பட்டது. அப்பாவுக்கு அப்படி இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். டாக்டர் சரி என்றால் கேரட்டில் பிசறிய அந்த இரண்டு டீஸ்பூனோடு நிற்கட்டும். டம்ளரில் வேண்டாம்.